காயம் ஏற்பட்டது

எழிலரசியை அவள் கணவன் சேகர் குக்கரால் முகத்தில் அடித்தான். அவளுடைய இடது கண் போய்விட்டது. அதை நீ செய்தியாக எழுதினாய். அந்த வாரமே உனக்குச் சென்னை ஆபீசுக்கு மாற்றல் வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். நடந்தது இவ்வளவுதான். போனில் இதைப் பேச ஆரம்பித்தால், "டெஸ்க்ல கூப்பிடறாங்கம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதாக இல்லை. அதனால் கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது இட்லிச் சட்டி விலை கேட்டால் எழுந்து போவேன், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்குவேன். முன்னே பின்னே இருந்தால் நீதான் சரிசெய்து படித்துக்கொள்ள வேண்டும்; இப்போது உன் வேலையே அதுதானே. உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டால் மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். பேப்பரில் வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள்.

எழிலை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நெல்லித்தோப்பில் நம் பாத்திரக் கடையை ஒட்டின கடை அவளுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரே ஒரு தையல் மிஷினோடு உட்கார்ந்தாள். உன் பள்ளிக்கூடக் கால்சட்டை கிழிந்தபோதெல்லாம் நீ ஓடிப் போய் நின்றது அவள் கடை வாசலில்தான். "மறுபடியும் மரம் ஏறினியா, இல்ல மரம் உன் மேல ஏறுச்சா?" என்று கேட்டுக்கொண்டே தைத்துக் கொடுப்பாள். கூலி வாங்க மாட்டாள், ஆனால் நம் கடையில் டம்ளர் எடுத்தால் கூசாமல் விலையைக் குறைத்துக் கேட்பாள். வியாபாரி அப்படித்தான் இருக்க வேண்டும். இது நடக்கும் வரை முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பெண்களெல்லாம் ஜாக்கெட் துணியோடு அவள் வாசலில்தான் நிற்பார்கள். அவளுக்கு நீ தம்பி, உனக்கு அவள் எழிலக்கா. செய்தியில் நீ எழுதினது: எழிலரசி (34).

பெரியாஸ்பத்திரியில் அவளைச் சேர்த்த மறுநாள் காலையில் இட்லியும் பேப்பரும் எடுத்துக்கொண்டு போனேன். பேப்பரை ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதே. நீ எழுதுகிற பேப்பர், தினமும் கையில் வைத்துக்கொள்கிற பழக்கம். பாதி முகத்துக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். மறு கண்ணும் வீங்கி மூடியிருந்தது. பேப்பர் சரசரத்த சத்தம் கேட்டதும், "வந்திருக்குதாக்கா?" என்றாள்.

"இன்னாடி?"

"என்னைப் பத்தி. வந்திருந்தா படி."

"அப்புறம் படிக்கறேன், முதல்ல சாப்பிடு."

"என்னைப் பத்தி ஊரே படிக்கும், நான் மட்டும் அப்புறமா? ராசிபலன் மட்டும்தான் படிச்சுக் காட்டுவியா நீ?"

படித்தேன். உன் செய்தியை நீயே மறந்திருப்பாய், அதற்குப் பிறகு எத்தனையோ எழுதியிருப்பாய். நான் மறக்கவில்லை, இங்கே அப்படியே எழுதுகிறேன். 'நடத்தையில் சந்தேகம்: மனைவியைக் குக்கரால் தாக்கிய டிரைவர் கைது' என்று மேலே. கீழே: 'நெல்லித்தோப்பைச் சேர்ந்தவர் சேகர் (38), டிரைவர். இவருடைய மனைவி எழிலரசி (34), தையல் கடை நடத்தி வருகிறார். எழிலரசியின் நடத்தையில் சேகருக்குச் சந்தேகம் ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது. இதனால் தம்பதி இடையே அடிக்கடி தகராறு ஏற்பட்டது. சம்பவத்தன்றும் வாக்குவாதம் ஏற்பட்டது. ஆத்திரமடைந்த சேகர், குக்கரை எடுத்து வீசியதில் எழிலரசியின் இடது கண்ணில் பலத்த காயம் ஏற்பட்டது. போலீசார் சேகரைக் கைது செய்தனர். இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது.'

படித்து முடித்ததும் அவள் கையை நீட்டிப் பேப்பரைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "சந்தேகமா? எப்பக்கா?" என்றாள். உண்மையாகவே கேட்டாள். வீட்டில் ஏதோ நடந்து தனக்கு மட்டும் சொல்லாமல் விட்டதைப் போல. "சோறு ஆகலன்னு அடிச்சான். முகூர்த்தத் துணி, முடிச்சுக் குடுத்துட்டு வர லேட்டாயிடுச்சு. குக்கரைக் கழுவி அப்பதான் அடுப்புல வெக்கப் போனேன். கையிலருந்து புடுங்கி அடிச்சான். வீசல, கையில புடிச்சு அடிச்சான். ரெண்டு தரம்." அப்புறம் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "சோத்துக்கு அடிச்சேன்னு ஸ்டேஷன்ல சொல்ல அவனுக்கே வெக்கமா இருந்திருக்கும். சந்தேகம்னு சொன்னா மரியாதையா இருக்கும்னு சொல்லிட்டான். அதெல்லாம் பேப்பர் படிச்சுக் கத்துக்கறதுதான்."

கடைசியில் கேட்டாள்: "எழுதினது நம்ம தம்பிதானே?" நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். "எனக்குத் தெரியும்க்கா. நேத்து சாயங்காலம் உன் போன்ல கூப்பிட்டான். முப்பத்துமூணா முப்பத்துநாலான்னு கேட்டான். நீ சொன்ன. நான் பக்கத்துல ஸ்ட்ரெச்சர்லதான் கெடந்தேன், கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருந்துச்சு. வயசைக் கேட்டான் பாரு, இன்னா நடந்துச்சுன்னு கேக்கவே இல்ல."

மகனே, நான் எட்டாவதோடு நின்றவள். உன்னைப் போல இலக்கணம் படித்துப் பேப்பரில் எழுதத் தெரியாது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தச் செய்தியை மறுபடியும் படித்தபோது ஒரு சொல் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி உறுத்தியது. ஏற்பட்டது. சந்தேகம் ஏற்பட்டது, தகராறு ஏற்பட்டது, வாக்குவாதம் ஏற்பட்டது, காயம் ஏற்பட்டது, பரபரப்பும் ஏற்பட்டது. மழை பெய்கிற மாதிரி, புயல் கரையைக் கடக்கிற மாதிரி எல்லாம் தானாகவே வந்து இறங்குகின்றன. தலைப்பில் வருகிற ஒரு 'தாக்கிய'வைத் தவிர, ஒருத்தன் ஒருத்தியை அடித்தான் என்று சொல்ல ஒரு இடத்தில்கூட உனக்கு வாய் வரவில்லை. குக்கரை வீசினான் என்பதைக்கூட 'வீசியதில்' என்று இழுத்துக் கொண்டுபோய்க் காயத்தில் முட்ட விட்டுவிட்டாய். அதற்கு முன்னால் ஆத்திரத்தை வைத்தாய். ஆத்திரத்துக்கு முன்னால் வாக்குவாதம், அதற்கு முன்னால் தகராறு, எல்லாவற்றுக்கும் முன்னால் எழிலின் நடத்தை. படிக்கிறவன் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், கண் போனதற்குக் காரணமாக நிற்பது கண் போனவள்தான்.

அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அப்பகுதியில் பெரும் பரபரப்பு. அப்பகுதி என்றால் நான்தானே. எனக்குத் தெரிந்து எந்தப் பரபரப்பும் இல்லை. அவள் வீட்டிலிருந்து அலறல் கேட்டு நான் ஓடினபோது எதிர் டீக்கடையில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டு விவகாரம்" என்று திரும்பவும் டம்ளரை எடுத்தார்கள். ஆட்டோ கூப்பிட்டதற்கு வந்தவன் சீட்டில் ரத்தம் படுமே என்று யோசித்தான். நம் கடைச் சாக்கை விரித்துப் போட்டேன். பரபரப்பு ஏற்பட்டிருந்தால் அவள் கண் ஒருவேளை தப்பியிருக்கும். அது ஏற்படாததுதான் செய்தி. அதை நீ மாற்றி எழுதிவிட்டாய்.

இன்னொன்றும் பார்த்தேன், வியாபாரி கண்ணுக்கு அதுதான் முதலில் படும். குக்கர் என்ன கம்பெனி என்று நீ போடவில்லை. நம் கடையில் வாங்கின குக்கர், எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். போட்டால் கம்பெனிக்குக் கெட்ட பேர், நாளைக்கு விளம்பரம் தர மாட்டான், வக்கீல் நோட்டீஸ் வரும். சரிதான், குக்கர் என்ன செய்யும் பாவம், அதன் பேரைக் காப்பாற்றினது நியாயம்தான். தீபாவளிக்கு உங்கள் பேப்பரில் கால்பக்க விளம்பரம் தருகிற நகைக்கடையில் திருட்டுப் போனாலும் 'பிரபல நகைக்கடை' என்றுதான் போடுவீர்கள். இத்தனை பேரின் பேரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற உங்களுக்கு, எழிலின் நடத்தை என்று அச்சடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லையே, ஏன்? அவள் விளம்பரம் தர மாட்டாள் என்பதாலா?

நாம் மிக்ஸி விற்க ஆரம்பித்த புதிதில் நடந்தது உனக்கு நினைவிருக்கலாம். மூலக்குளத்து டீச்சர் ஒருத்தி வாங்கின மிக்ஸி ஒரே மாதத்தில் புகைந்துபோனது. கேரண்டி இருக்கிறதே என்று கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் கழற்றிப் பார்த்தான், தாளை எடுத்தான், 'காரணம்' என்ற இடத்தில் 'முறையற்ற பயன்பாடு' என்று எழுதினான். "மோட்டார் காயில் சரியில்லன்னு நீதானே இப்ப சொன்ன?" என்றேன். "சொன்னேன்க்கா. ஆனா காரணம்னு ஒண்ணு எழுதாம குளோஸ் பண்ண முடியாது. இப்படி எழுதினா எல்லாருக்கும் நல்லது." "எல்லாருக்கும்னா டீச்சருக்குமா?" "டீச்சரைத் தவிர எல்லாருக்கும்." சிரித்துக்கொண்டே சொன்னான், நல்ல பையன்தான். நான் சண்டை பிடித்து வேறு மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன் என்பது வேறு கதை. அன்றைக்கு ஒன்று புரிந்தது. காரணம் என்று ஒரு காலி இடம் இருந்தால், புகாரை எது சட்டென்று முடித்துவைக்குமோ அதைத்தான் அங்கே நிரப்புவார்கள். உன் செய்தியிலும் அந்த இடம் இருக்கிறது. அதில் சேகர் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டது. போலீஸ் எழுதியதை நீ எழுதிக்கொண்டாய். நீ எழுதியதை ஊர் படித்துக்கொண்டது. புகார் முடிந்தது. எழிலைத் தவிர எல்லாருக்கும் நல்லது.

உன் அப்பா இருந்தவரை அவர் சம்பளத்தில் பாதி வீட்டுக்கு வரும், பாதி வராது. அதனால்தான் நான் பாத்திரக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மூலக்குளத்துப் பக்கம் புது வீடுகள் வர வர ஒவ்வொரு வாசலாகப் போனேன். தவணைக்குப் பாத்திரம், பழசுக்குப் புதுசு. பழைய பாத்திரம் எடுக்கிறவளுக்குத் தெரியாத சமையலறை கிடையாது. விளிம்பு நசுங்கின சொம்பு, வயிறு ஒடுங்கின குடம், கைப்பிடி முறிந்த தோசைக்கல் என்று எத்தனையோ எடுத்திருக்கிறேன். எந்தப் பெண்ணும் இன்றுவரை "அவர் எறிந்தார்" என்று சொல்லி என்னிடம் ஒரு பாத்திரம் போட்டதில்லை. எல்லாம் "கை தவறிடுச்சு"தான். அவ்வளவு கை தவறுகிற ஊராக இருந்தால் ஒரு குழந்தையும் இடுப்பில் நின்றிருக்காது. நானும் மேலே கேட்க மாட்டேன். சொட்டைக்கு விலையைக் குறைத்துக் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவேன்.

நம் வீட்டிலும் ஒரு சொம்பு உண்டு. உனக்கு ஆறு வயது. உன் அப்பா ஏதோ ஒரு கோபத்தில் தண்ணீர்ச் சொம்பை எடுத்து என் மேல் எறிந்தார். மணிக்கட்டில் பட்டது. அவர் அப்படிப்பட்ட மனிதர் இல்லை என்று இப்போதும் என் வாய் சொல்லத் துடிக்கிறது பார். அப்படிப்பட்ட மனிதரோ இல்லையோ, அன்றைக்கு எறிந்தார். கொஞ்ச நேரத்தில் உன் அத்தை வந்தாள். என் கை வீங்கியிருந்ததைப் பார்த்து, "இன்னாச்சு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அப்பா சொம்பால அடிச்சாரு." அத்தை உன்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்படிச் சொல்லக் கூடாதுடா கண்ணு. சொம்பு விழுந்துடுச்சுன்னு சொல்லணும். எங்கே, சொல்லு?" நீ என்னைப் பார்த்தாய். நான் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். "சொம்பு விழுந்துடுச்சு" என்றாய். "சமத்து" என்று உனக்கு ஒரு முத்தம் கிடைத்தது.

ஆறு வயதில் நீ சொன்ன முதல் செய்தி சரியாக இருந்தது. யார், எதை வைத்து, என்ன செய்தார் என்று எல்லாம் அதில் இருந்தது. இத்தனை படிக்கவைத்தும் நீ அதற்கு மேல் ஒரு வரி நன்றாக எழுதவில்லை. உன் செய்தியில் காயம் ஏற்பட்டது என்று படித்தபோது எனக்குக் கேட்டது உன் அத்தையின் குரல்தான்.

இனி எழிலுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். நீ சென்னைக்குப் போன பிறகு நடந்ததால் உனக்கு இது முழுதாகத் தெரியாது. சேகர் ஜாமீனில் வெளியே வந்து வில்லியனூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறான். அந்த அண்ணன் உன் செய்தியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினான். சேகர் கைதான வரியும் அதில்தான் இருந்தது. ஆனால் யாரும் அதைப் படிக்கவில்லை, தலைப்பின் முதல் ரெண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். எழில் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மூன்று வீட்டிலிருந்து மாமியார்கள் வந்து என் கடையில் நின்றார்கள். அதில் ஒருத்தி என் காதருகில் வந்து, "கல்யாணப் பொண்ணு துணி பாரும்மா, அதான்" என்றாள். அளவு எடுக்கிற தொழில் அது. உடம்பைத் தொட்டு எடுக்க வேண்டும். பேர் கெட்டால் இஞ்சு டேப்பை யாரும் கிட்டே விட மாட்டார்கள்.

அப்புறம் எழிலின் கடைக்கட்டட உரிமையாளர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் நாம் எல்லோரும் முசே என்றே கூப்பிடுகிறோமே, அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"எனக்கு அவ மேல ஒண்ணும் இல்ல பாத்திரக்காரம்மா. ஆனா பேப்பர்லயே வந்துடுச்சே. மாடியில குடும்பம் குடியிருக்குது."

"அடிச்சவன் அவன் முசே. ஜெயிலுக்குப் போனவனும் அவன்."

"அவன் போயிட்டான். இவதானே என் கட்டடத்துல இருக்கா."

"பேப்பர்ல வர்றதெல்லாம் வேதமா?"

"உன் புள்ள எழுதற பேப்பரும்மா. நீயே இப்படிச் சொன்னா எப்படி? பேப்பர்ல வந்ததுக்குப் பேப்பர்லயே மறுப்பு வரட்டும். அவ நல்ல பொம்பளன்னு நாலு வரி வந்தா நான் ஏன் காலி பண்ணச் சொல்லப் போறேன்?"

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சை எழுதிவிடுகிறேன், நீயும் ஒருமுறை படித்துப் பார்.

"நாங்க சந்தேகம்னுதான்மா போட்டோம். நடத்தை சரியில்லன்னு போடலையே" என்றாய்.

"யாருக்குச் சந்தேகம்?"

"அவருக்கு."

"கண்ணை எடுத்தவன் அவரா? சரி இருக்கட்டும். அவருக்குச் சந்தேகம்னு யார் சொன்னது?"

"ஸ்டேஷன்ல."

"ஸ்டேஷனுக்கு யார் சொன்னது?"

நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "அவர்தான்" என்றாய்.

நீ கெட்டவன் இல்லை. உடனே உனக்கு உறைத்தது, குரலிலேயே தெரிந்தது. எடிட்டரிடம் பேசுகிறேன் என்றாய், பேசவும் செய்தாய். மறுநாள் நீயே கூப்பிட்டாய். 'எழிலரசி ஒழுக்கமானவர், அவர் மீதான சந்தேகம் ஆதாரமற்றது என அக்கம்பக்கத்தினர் தெரிவித்தனர்' என்று ஒரு சிறிய விளக்கம் போட ஒத்துக்கொண்டார்கள் என்றாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முசே கேட்டது அதேதான். கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டு, பழம் வாங்கிக்கொண்டு குருசுக்குப்பத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் தன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்குப் பக்கத்திலேயே போய்ப் போய் வந்தது. "ஊசி எங்க இருக்குன்னு தெரியுதுக்கா. எவ்ளோ தூரத்துல இருக்குன்னுதான் தெரியல" என்றாள். நான் வாங்கிக் கோர்த்துக் கொடுக்கக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். நீ சொன்ன அந்த வரியை அப்படியே மனப்பாடமாக ஒப்பித்தேன்.

"வேணாம்" என்றாள்.

"என்னடி வேணாம்? முசே இதைத்தான் கேட்டாரு. கடை நிக்கும்டி."

"ஒழுக்கமானவள்னு போட்டா கடை நிக்கும். அப்போ நான் ஒழுக்கமில்லாதவளா இருந்தா, அவன் அடிச்சது சரியாப் போயிடுமா?"

"ஊரு வாயை அடைக்கறதுக்குத்தானே..."

"ஊரு வாய்க்கு நான் சர்ட்டிபிகேட்டு காட்டணுமா? அடிச்சவன் காட்டலயே. என்னை நல்லவள்னும் போட வேணாம், கெட்டவள்னும் போட வேணாம். அடிச்சான்னு போடச் சொல்லு, கண்ணு போச்சுன்னு போடச் சொல்லு. அது போதும்."

"அடிச்சான்னு ஊருக்கே தெரியுமே."

"எங்கக்கா தெரியும்? ஏற்பட்டதுன்னுதானே தெரியும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கையில் வந்த வியாபாரத்தைத் தட்டிவிடுகிறாளே என்று கடற்கரை ஓரமாக நடந்து வருகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். நான் வாழ்க்கை முழுதும் கிடைத்த விலைக்கு விற்று மேலே வந்தவள். பாதி கிடைத்தாலும் வாங்கிப் போட்டுக்கொண்டு மீதியை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் என் வழி. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவள் சொன்னது உறைத்தது. நானும் நீயும் முசேயும் சேர்ந்து அவளுக்கு வாங்கிக் கொடுக்கப் பார்த்தது இன்னொரு சந்தேகத்தைத்தான். இந்தத் தடவை விசாரித்து நல்ல தீர்ப்புக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவே வித்தியாசம். அவளைத் தராசில் வைத்தது வைத்ததுதான்.

அவள் சொன்னதை உனக்குச் சொன்னேன். நீ கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய்: "அடிச்சான்னு மட்டும் திரும்பப் போட முடியாதும்மா. அது பழைய செய்தி." கண் போனது பழையதாகிவிட்டது. நடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் புதிதாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் பேப்பரில் ஒரு வரியும் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. முசே இந்த மாதக் கடைசிக்குள் சாவி கேட்டிருக்கிறார். 'எழில் டெய்லர்ஸ்' போர்டைப் போன வாரம் இறக்கினோம். கழற்றின இடத்தில் சுவர் வெள்ளையாக இருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நான் கடை திறக்கிறேன்.

உனக்கு நான் புத்தி சொல்ல இருக்கிறது இவ்வளவுதான். சென்னையில் உன் மேசைக்கு இப்போது பல ஊர்ச் செய்தி வரும். அதில் இது மாதிரி தினம் ஒன்றாவது இருக்கும். குடும்பத் தகராறு என்று ஒருத்தன் எழுதியிருப்பான், குடிபோதை என்று இன்னொருத்தன், தீராத வயிற்றுவலி என்று வேறொருத்தன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வீட்டில் அவரவருக்கு ஒரு அத்தை இருந்திருப்பாள். நீ அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது முதலில் யார் செய்தான் என்று பார். அவனை முதல் வரிக்குக் கொண்டு வா. காரணம் தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடு. காலியாக விட்டால் கம்பெனி மூழ்கிவிடாது. செய்தவன் சொன்ன காரணத்தைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மேலே இருக்கிறவர் சொன்னால், அடிபட்டவள் சொன்னதையும் அதற்குப் பக்கத்தில் போடு. அவளிடம் வயதை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைக்காதே. செத்துப்போனவளாக இருந்தால் கேட்க முடியாது. அப்போது அவளுக்காகப் பேசுகிற யாரையாவது தேடு. செய்தவன் வாயிலிருந்து அவளைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காதே. இதையெல்லாம் எல்லா நாளும் உன்னால் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். வேலை, சம்பளம், மேலதிகாரி, ராத்திரி அச்சுக்குப் போகிற நேரம், எல்லாம் இருக்கும். முடிந்த நாளில் செய். முடியாத நாளில் தெரிந்தே விடு. தெரியாமல் விடாதே.

நேற்று எழில் நம் கடைக்கு வந்தாள். இறக்கி வைத்த போர்டைத் துடைத்துவிட்டு என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நம் கடையின் முன்பக்கத்தில் பித்தளை அண்டாக்கள் அடுக்கியிருக்கிற அந்த இடத்தைக் காட்டி, "மிஷின் அங்க போடுடி" என்றேன்.

"சும்மா குடுத்தா வரமாட்டேன்க்கா."

"சும்மா யாருடி குடுக்கறா? உன்கிட்ட ஜாக்கெட் தைக்க வர்றவ சீர்வரிசைப் பாத்திரம் எங்க வாங்குவா? எதிர்க் கடையிலயா?"

"ஒத்தக் கண்ணு டெய்லரை நம்பி யார்க்கா வரப் போறா?"

"வர்ற வரைக்கும் அண்டா துடை."

கட்டுக்கு வெளியே இருக்கிற அந்த ஒரு கண்ணால் சிரித்தாள். பிறகு ரெண்டு பேரும் சரியாகப் பேசி முடித்தோம். முசேவுக்குக் கொடுத்துவந்த அதே வாடகை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கரண்ட் பில்லில் பாதி அவளுடையது. பதினோரு மாதத்துக்கு எழுத்து. அதற்கு மேல் யாருக்கு வேண்டாமென்றாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். ஷட்டருக்கு ரெண்டு சாவி, ஒன்று அவளிடம். போர்டில் முழுப் பெயர், எழிலரசி என்று. பேப்பரில் வந்ததைப் பற்றி வாடிக்கை யார் கேட்டாலும் நான் வாய் திறக்கக் கூடாது. அவளை நல்லவள் என்று சொல்வதற்குக்கூட. கடைசி நிபந்தனை உன்னைப் பற்றியது, அவள் வைத்தது. பொங்கலுக்கு நீ ஊருக்கு வரும்போது அவள் மிஷினுக்கு எதிரில் ஸ்டூலில் வந்து உட்கார வேண்டும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் பேசக் கூடாது. என்ன நடந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவள் முதலிலிருந்து சொல்லி முடிக்கிறவரை நடுவில் எழுந்திருக்கக் கூடாது. உன் சார்பில் ஒத்துக்கொண்டுவிட்டேன்.